சந்தியில் காத்து நிற்பவர்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைகளில் நமது வாலிபர் கூடுகைக்கு இரண்டு மூன்று பேர் வருவதில்லை. எங்கே போகிறார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தேம்ஸ் நதியின் தென்கரையில், வாட்டர்லூ பாலத்தின் கீழே, சைக்கிளோடு நிற்கிறார்கள். அங்கிருந்து புறப்படும் 'கிரிட்டிக்கல் மாஸ்' ஊர்வலத்தில் போகிறார்கள். கூடுகைக்கு வராததைப் பற்றிப் போதகர் பேசிக்கொள்ளட்டும். ஆனால் இதைப் பற்றி வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் நமது காதுக்கும் வந்துவிட்டது. "இப்படி ரோட்டை மறித்தால் சைக்கிள்காரருக்குத்தானே கெட்ட பெயர்?" என்கிறார் ஒரு தகப்பன். "மறிக்காவிட்டால் எங்களை ஆர் கண்டது?" என்கிறாள் மகள். இரண்டிலும் விஷயம் இருக்கிறது. ஆகவே இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்வோம்.

இந்த வழக்கம் 1992 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐம்பது பேர்கூட இல்லாமல் தொடங்கியது. லண்டனுக்கு 1994 ஏப்ரலில் வந்தது. இதற்குத் தலைவர் இல்லை, குறித்த பாதை இல்லை, எழுதிக் கொடுக்கும் கோரிக்கையும் இல்லை. முன்னால் போகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் கூட்டம் திரும்பும். கூட்டம் நடுவில் பிரிந்துவிடாமல் இருக்கச் சிலர் பக்கத்துத் தெருவின் வாயில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி வாகனங்களை மறிப்பார்கள். போத்தலுக்குத் தக்கை அடைப்பது போல; ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'கோர்க்கிங்'. விளக்கு சிவப்பாகிப் பச்சையாகி மறுபடி சிவப்பாகும். கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். தகப்பன்மாரின் கோபம் முழுவதும் இந்தத் தக்கையின் மேல்தான்.

சட்டம் எங்கள் பக்கம் என்று நமது வாலிபர் சொல்வது பாதி சரி. 2005 இல் லண்டன் பொலிஸார் இந்த ஊர்வலத்துக்கு முன்னறிவித்தல் தர வேண்டும் என்றார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. வழமையாக நடந்துவரும் ஊர்வலம் என்பதால் முன்னறிவித்தல் தேவையில்லை என்று 2008 நவம்பரில் தீர்ப்பானது. அவ்வளவுதான். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகலாம் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. பொலிஸார் நிபந்தனை விதிக்கவும் முடியும். 2012 ஜூலை 27, ஒலிம்பிக் தொடக்க விழா இரவில், ஆற்றுக்கு வடக்கே போகக்கூடாது என்றார்கள். போனார்கள். 182 பேர் கைதானார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல் வழக்கே தொடரப்படவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் விசாவில் இருக்கும் பிள்ளையின் பெற்றோருக்குக் கைது என்ற சொல் போதும், ஒரு மாத நித்திரை போய்விடும். இதை வாலிபர் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அந்தக் 'கெட்ட பெயர்' பற்றி. சிவப்பு விளக்கில் ஒரு கார் நிற்காமல் போனால், "அவனைப் பார், எப்படி ஓடுகிறான்" என்கிறோம். ஒரு சைக்கிள் போனால், "இந்தச் சைக்கிள்காரரே இப்படித்தான்" என்கிறோம். ஒருவன் செய்வது எல்லோர் தலையிலும் விழுவது சிறுபான்மையாக இருப்பவர்களுக்குத்தான். அந்நிய நாட்டில் வாழும் நமக்கு இது விளங்காத காரியமா? "உங்கட ஆக்கள்" என்று தொடங்கும் எத்தனை பேச்சை நாம் வேலைத்தலத்தில் கேட்டிருக்கிறோம்! 1990 களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள். அங்கே சைக்கிள்காரர் என்று ஒரு தனிச் சாதி இல்லை, ஆகவே அவர்களுக்குக் கெட்ட பெயரும் இல்லை. அப்படி மிதித்தவர்களில் சிலர்தான் இன்று ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் காருக்குள் இருந்து ஹோர்ன் அடிக்கிறார்கள். (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.)

ஆகவே, சைக்கிள்காரர் முதலில் நல்ல பிள்ளைகளாக நடந்து காட்டட்டும், பிறகு பாதை கேட்கட்டும் என்பது நியாயமான பேச்சு அல்ல. கார்க்காரரிடம் அப்படி யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஊர்வலம் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. 2012 ஏப்ரல் 28 ஆம் திகதி, மேயர் தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, மழைக்குள் ஏறக்குறைய 10,000 பேர் லண்டனில் சைக்கிளோடு இறங்கினார்கள். நெதர்லாந்தில் இருப்பது போன்ற பாதுகாப்பான பாதை வேண்டும் என்பதே கோரிக்கை. அடுத்த ஆண்டு மார்ச்சில் மேயர் ஏறக்குறைய 900 மில்லியன் பவுண் திட்டத்தை அறிவித்தார். அதே 2013 நவம்பரில் இரண்டு கிழமைக்குள் ஆறு சைக்கிள்காரர் லண்டன் வீதிகளில் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் பிளாக்பிரையர்ஸ் வீதியில் உள்ள போக்குவரத்து அலுவலகத்தின் முன் நூற்றுக்கணக்கானோர் சைக்கிளோடு தரையில் படுத்தார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை மாலைதான், அங்கேயும் ரோடு மறிபட்டது. ஆனால் ஏன் படுத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தேம்ஸ் கரையோரம் தடுப்புக்கட்டுப் போட்ட சைக்கிள் பாதை 2016 இல் திறந்தது. சாரதிக்குப் பக்கத்தில் நிற்பவரைத் தெரியாத பெரிய லொறிகளுக்கு 2021 முதல் நகருக்குள் கட்டுப்பாடும் வந்தது. எல்லாம் ஊர்வலத்தால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டோம். ஊர்வலம் கெடுத்தது என்றும் சொல்ல முடியாது.

நெதர்லாந்துக்காரரும் சும்மா இருந்து பாதை பெறவில்லை. 1971 இல் அங்கே வீதியில் இறந்தவர் ஏறக்குறைய 3,300 பேர். அதில் 400 க்கு மேல் சிறுவர். 'பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரில் பெற்றோர் தெருவை மறித்தார்கள். அந்தப் பெயரைக் கேட்ட சாரதிக்கு எரிச்சல் வந்திருக்கலாம். ஆனால் அவருக்கும் வீட்டில் பிள்ளை இருந்தது.

கிரிட்டிக்கல் மாஸ் பற்றி நமக்குள்ள தயக்கம் இதுதான். சந்தியில் காத்து நிற்பவர் யார் என்று பாருங்கள். இரவு வேலைக்குப் போகும் தகப்பன். நாலு வீட்டு முதியவர்களைப் பார்க்க ஓடும் பராமரிப்புத் தங்கச்சி. பஸ் நிறைய, கார் வாங்க வசதி இல்லாத சனம். "நில்" என்பது மட்டும்தான் இவர்களுக்குக் கேட்கிறது. எதற்காக என்று யாரும் சொல்வதில்லை. வருடக்கணக்காகப் போகிறவர்களுக்கு அது சந்தோஷமான மாலை, பயமில்லாமல் லண்டன் தெருவில் மிதிக்கக் கிடைக்கும் ஒரே மாலை. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் மறிக்கிற தம்பி, கார்க் கண்ணாடிப் பக்கம் போய், "அண்ணை, ஐந்து நிமிசம், இந்தச் சந்தியில் எங்களுக்குப் பாதை இல்லை" என்று சொல்லிவிட்டு மறித்தால் என்ன? பஸ் வந்தால் விட்டால் என்ன? முடியாது, கூட்டம் பிரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். பிரியட்டுமே. முன்னால் போய்க் காத்து நின்றால் சேர்ந்துகொள்ளலாம்.

போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு விளக்கு இல்லாமல் இருட்டில் மிதிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. நமது மண்டப வாசலில் பதினெட்டுக் கார் நிறுத்த இடம் இருக்கிறது. சைக்கிளைக் கட்டி வைக்க ஒரு கம்பிகூட இல்லை. பிள்ளைகள் குழாயில் கட்டுகிறார்கள். சபைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப் போவதாக மூன்று வாலிபர் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தில் இதுவரை பதினொரு கையெழுத்து. முதலில் சொன்ன தகப்பனின் கையெழுத்தும் அதில் இருக்கிறது.