ஐந்து நிமிஷ வீடியோவும் 25 எம்பி மெயிலும்

‘ஐந்து நிமிஷ வீடியோ. முகம் தெரியணும். வெள்ளி ராத்திரி 12 மணிக்கு முதல் மெயில் பண்ணுங்க.’

வட்ஸ்அப் குரூப்பில் இது விழுந்ததும் எங்கட பெட்ச் இரண்டாகப் பிரிந்துவிடும். கண்டி டவுனில் வைஃபை உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம். லீவுக்குத் தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைத் தோட்டங்களுக்குப் போன நாங்கள் மறுபக்கம்.

கணக்கைப் பாருங்கள். போனில் சாதாரணமாக எடுக்கும் 1080 தர வீடியோ ஒரு நிமிஷத்துக்கே 100 எம்பியைத் தாண்டும். ஜிமெயில் ஏற்பது 25 எம்பி. அதுவும் முழுசாகக் கிடைக்காது. மெயில் எழுத்துக்காகப் பிறந்தது. கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்தாக மாற்றித்தான் கொண்டுபோகும். பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 1992இல் நதானியல் போரன்ஸ்டைன் இந்த முறையில் முதன்முதலாக அனுப்பிய மெயிலில் இருந்தது அவருடைய பாட்டுக்குழுவின் படமும் ஒரு பாட்டும்தான். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

சுருக்கி அனுப்பினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. பெரிய கோப்பென்றால் ஜிமெயில் அதை டிரைவ் லிங்காக மாற்றிவிடும். அனுமதி குடுக்க மறந்தால் அந்தப் பக்கம் திறக்காது. போன செமஸ்டரில் எங்கட தோழி ஒருத்திக்கு அதுதான் நடந்தது. லயத்தில் சிக்னல் இல்லை. அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, டோர்ச்சோடு தேயிலை மலையில் ஏறி, அட்டைக்கடியோடு அனுப்பிய வீடியோ. ‘திறக்கவில்லை’ என்று பூச்சியம். அவள் என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவே இல்லை.

‘டிக்டொக் போட மட்டும் நெட் இருக்கா?’ என்று ஒரு சேர் கேட்டார். இருக்கு சேர். டிக்டொக்கில் போடுவது அரை நிமிஷ வீடியோ, அதையும் அந்த அப்பே சுருக்கிக்கொள்ளும். மெயிலில் 90 வீதம் ஏறி லைன் விழுந்தால் திரும்ப முதலில் இருந்துதான். ரீலோட் காசும் அதோடு போச்சு.

2020 கொரோனா முடக்கத்தில் லேர்ன் வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழக சேர்வர்களுக்கும் சூமுக்கும் டேட்டா கட்டணம் இல்லாமல் விட்டார்கள். நல்ல வேலை. ஆனால் ஜிமெயிலுக்கு ஏற்றுவது எங்கட சொந்த டேட்டாவில்தான்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் எந்தச் சுவருக்கு முன்னால் நிற்பது? பின்னால் கொடியில் துணி, பக்கத்தில் இருமுகிற தாத்தா. வீட்டைக் காட்ட மனமில்லாமல் கோயில் மண்டபத்தில் போய் எடுத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். முகம் தெரிய வேண்டுமென்று கேட்டவருக்கு வீடும் சேர்ந்து தெரியும் என்பது தோன்றவில்லையா? அந்த வீடியோக்கள் இப்போது எந்தப் போனில் கிடக்கிறதோ.

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் ஒரு காலத்தில் கசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்பினார்கள். முகம் தெரியவில்லை என்று வீட்டில் யாரும் குறைசொல்லவில்லை. ஐந்து நிமிஷக் குரல் 5 எம்பிக்குள் அடங்கும். பேச்சுத்திறனைத்தானே அளக்கிறீர்கள்? குரலை எடுங்கள். முகமும் வேண்டுமென்றால் கம்பஸ் திறந்த பிறகு வகுப்பில் நேரே நிறுத்திக் கேளுங்கள்.

இதையே கடிதமாக எழுதி, 43 பேர் கையெழுத்து வைத்துக் குடுத்திருக்கிறோம். டவுன் பிள்ளைகள் பதினொரு பேரும் அதில் இருக்கிறார்கள். பதில் வரவில்லை. அடுத்த வீடியோவுக்கான மெசேஜ் மட்டும் நேற்று வந்துவிட்டது.