கடல் கடந்த கல்வியும் எங்கள் திராட்சைப் பந்தலும்

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

நம் நாட்டுக் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோக்க வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. வரவேற்க வேண்டிய பேச்சுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் அரசுக் கல்லூரி மாணவனுக்கு இடம் எங்கே? இதுவே என் கேள்வி.

இத்தகைய உறவு நமக்குப் புதிதன்று. 1959இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் எழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரிக்கும் நெடுநாள் உறவு உண்டு. 2024 ஜூனில் 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே தமிழகக் கல்லூரி மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் பயிற்சி பெற்றனர். அச்செய்தியைப் படித்தபோது பெருமையாக இருந்தது. கூடவே ஓர் ஏக்கமும் எழுந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த விதிகளின்படி, ஒரு மாணவர் தம் படிப்பில் ஒரு பகுதியை வெளிநாட்டில் பயிலலாம். நல்லது. ஆனால் தனி அனுமதி கேளாமல் ஒப்பந்தம் செய்ய, 'நாக்' மதிப்பீட்டில் 3.01 புள்ளியாவது வேண்டும். அல்லது நாட்டின் முதல் 100 பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகவோ சிறப்புத் தகுதி பெற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். நேற்று முளைத்த சிற்றூர்க் கல்லூரி அந்த உயரத்தை என்று எட்டும்? இருப்பவனுக்கே மேலும் என்பது கல்வியிலும் நியாயமாகுமா?

என் தந்தை திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். தாயார் விடியுமுன் ஜீப்பில் மலை ஏறி ஏலத் தோட்டத்திற்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இந்த ஒப்பந்தங்களைப் பற்றி நான் விளக்கியபோது அப்பா கேட்டார்: "நீங்க அங்கே போறது சரிப்பா. அவுக நம்ம தோட்டத்துக்கு வருவாகளா?"

படிக்காதவர் கேட்ட கேள்விதான். ஆனால் ஒப்பந்தம் எழுதுவோர் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி. ஏனெனில் அவர்கள் இங்குக் கற்க வேண்டியதும் உண்டு. நாம் பன்னீர் திராட்சை என்பது அயல்நாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என்றழைக்கும் கொடியே. கடல் கடந்து வந்த அக்கொடி நம் மண்ணில் ஆண்டு முழுதும் காய்க்கிறது; 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. குளிர்நாட்டுக் கொடியோ ஆண்டுக்கு ஒருமுறைதான் பலன் தரும். அந்நாட்டு மாணவர் இங்கு வந்து ஒரு பருவம் தங்கட்டும். அடிச்சாம்பல் நோயை நாமும் அவரும் ஒரே பந்தலின்கீழ் நின்று ஆராய்வோம். கண்ட முடிவைத் தமிழில் எழுதி விவசாயியிடம் கொடுப்போம். அடுத்த பருவம் நாம் அங்குச் செல்வோம். செலவை மாணவன் தலையில் ஏற்றாமல் அரசும் பல்கலைக்கழகங்களும் ஏற்க வேண்டும்.

"முதலில் ஆய்வுக்கூடத்திற்கு நல்ல நுண்ணோக்கி வரட்டும்; பிறகு வெளிநாட்டைப் பேசலாம்" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். உண்மைதான், நுண்ணோக்கி வேண்டும். ஆனால் ஒன்று வரும்வரை மற்றொன்றைக் கேட்கக் கூடாது என்றால், ஏழை எதையுமே கேட்க முடியாது.

திராட்சையில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே வைக்கும் தளிர் எந்த நாட்டினதாகவும் இருக்கலாம். வேர் இந்த மண்ணைப் பற்றி நின்றால்தான் கொடி பிழைக்கும். கல்வி ஒப்பந்தமும் அப்படியே. சிற்றூர்க் கல்லூரியை வேராகக் கொள்ளுங்கள். கனி தானே வரும்!