இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் காரை விடமாட்டார்கள். என் மின்காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். அதுவும் மின்சார ஆட்டோ. கடன் எங்கே என்று கேட்டேன். "லோக்கல் ஃபைனான்ஸ்தான் சார், வாராவாரம் ட்யூ."

வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு என்ன சொல்கிறது? 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட மின்வாகனக் கடன் என்றால், வட்டியில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை கழிக்கலாம். நானும் கழித்தவன்தான். 30 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு சேர்த்து 46,800 ரூபாய் வரை மிச்சம். ஐந்து லட்சத்துக்குள் சம்பாதிக்கிறவருக்கு வரியே கிடையாது, அப்புறம் கழிக்க என்ன இருக்கு? அவ்வளவு வட்டி கட்டவே, ஒன்பது சதவீதத்தில் பதினாறு லட்சத்துக்கு மேல் கடன் வேண்டும். யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது அந்த வரம்பிலேயே தெரிகிறது.

ஜிஎஸ்டி கதை இன்னும் மோசம். 2019 ஆகஸ்டில் மின்வாகனத்துக்கு 12லிருந்து 5 சதவீதம் ஆக்கினார்கள். கோடி ரூபாய் காருக்கும் அதே 5. சாதாரண சைக்கிளுக்கு 2025 செப்டம்பர் வரை 12! புகையும் விடாது, சார்ஜரும் கேட்காது.

சலுகையே கூடாது என்றா சொல்கிறேன்? ஃபேம் 2 திட்டத்தில் மூன்று சக்கர வண்டிக்கு மானியம் விலையிலேயே குறைந்தது. சொந்தக் காருக்கு அதில் இடமில்லை. அது நியாயம். என் 46,800-ஐயும் அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். நான் எப்படியும் கார் வாங்கியிருப்பேன்.