இறால் குஞ்சுக்கு ஏற்ற உணவு



தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் நினைவிற்கு வருகின்றன. அவ்வூர் உப்பளங்களில், மீன் வாழ இயலாத கடும் உப்பு நீரில், ஆர்டீமியா என்னும் சிற்றுயிர் வாழ்கின்றது. இறால் வளர்ப்புக்கு அது செய்யும் உதவியை நம்மில் பலர் அறியார்.

முட்டையிலிருந்து வெளிவரும் இறால் குஞ்சு முதல் இரண்டு நாட்கள் இரை தேடுவதில்லை. உடலிலுள்ள கருவுணவே அதற்குப் போதும். அடுத்த பருவத்தில் டயாட்டம் எனும் நுண்பாசியை உண்ணும். பின்னரே உயிருள்ள இரையைப் பிடித்துண்ணும். அப்பருவத்தில் பொரிப்பகத்தார் அளிப்பது ஆர்டீமியாக் குஞ்சுகளையே. ஆர்டீமியாவின் உலர்ந்த முட்டைகளை நெடுநாள் சேமித்து வைக்கலாம். உப்பு நீரிலிட்டுக் காற்றூட்டினால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்தவுடன் ஊட்டுதல் வேண்டும். தாமதித்தால் சத்துக் குறையும். அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியிலிருந்து இம்முட்டைகள் உலகெங்கும் விற்பனைக்குச் செல்கின்றன.

குளத்தில் விடப்பட்ட குஞ்சுக்குச் செயற்கைத் தீவனம் தேவைப்படுகிறது. மீன்மாவு, சோயாப் பிண்ணாக்கு, கோதுமை மாவு, மீன் எண்ணெய், வைட்டமின்கள் ஆகியவை அதில் சேரும். இளம் வரி இறாலுக்கு ஏறத்தாழ 40 சதவீதப் புரதம் வேண்டும். கொலஸ்டிராலும் வேண்டும். மனிதர் அஞ்சும் அக்கொழுப்பை இறால் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாது. அஃதின்றி ஓடு கழற்றி வளரவும் இயலாது.

இறால் மெல்லக் கொறித்துண்ணும். ஆதலால் தீவனம் நீரில் உடனே கரையாதிருத்தல் அவசியம். அளவு மிகினும் கேடே! உண்ணாது எஞ்சிய தீவனம் அழுகி அம்மோனியாவாகும். குஞ்சு நலியும், அந்நீரை வெளியேற்றினால் அண்டை அயலாரின் கழியும் நிலமும் கெடும். இத்தகைய கேடுகள் குறித்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுந்தீர்ப்பு வழங்கியது. 2005-இல் பண்ணைகளை முறைப்படுத்தத் தனிச் சட்டம் பிறந்தது.

வளைகுடாவில் அரும்பாடுபட்டு ஈட்டிய பணத்தை இத்தொழிலில் இட எண்ணுவோர் ஒன்றை மனத்திற்கொள்க. செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே போகும். சிறிதளவு தீவனத்தைத் தட்டிலிட்டுக் குளத்தில் இறக்கி, இரண்டு மணி நேரங்கழித்துத் தூக்கிப் பாருங்கள். மீதம் இருந்தால் அடுத்த வேளை குறையுங்கள். ஒன்றும் இல்லையேல் சிறிது கூட்டுங்கள். ஐயமிருப்பின், தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியாரைக் கேட்டறிந்து தொடங்குங்கள். வீண் விரயம் தவிரும். அயலார் உரிமையும் காக்கப்படும்.