எட்டுத் தகடுகளில் ஒரு நகரம்

அன்புள்ள வாசகர்களுக்கு,

பயணக் கட்டுரைகளோடு நீங்கள் அனுப்பும் படங்களில் இப்போது பனோரமா படங்கள் பெருகிவிட்டன. கைபேசியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினால் போதும், கரையோரக் கட்டடங்கள் அத்தனையும் ஒரே படத்தில் வந்துவிடுகின்றன. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த பயணத்தில் அந்தக் காட்சியைத் தனித்தனிப் படங்களாக எடுத்து, ஊர் திரும்பிய பிறகு பொறுமையாக ஒட்டிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1848 செப்டம்பர் 24 அன்று, ஒஹாயோ ஆற்றின் எதிர்க்கரையில் நின்று சார்லஸ் ஃபான்டெய்ன், வில்லியம் போர்ட்டர் என்ற இருவர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தை டாகெரோடைப் எனும் அக்காலப் புகைப்படத் தகடுகள் எட்டில் எடுத்தார்கள். தகடுகளை வரிசையாக வைத்தால் கரை நெடுக நீராவிப் படகுகள், அவற்றுக்குப் பின்னால் ஊர். எடுத்த தேதியை யாரும் தகட்டில் எழுதி வைக்கவில்லை. எந்தெந்தப் படகுகள் துறையில் நிற்கின்றன என்பதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் நாளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, தகடுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருந்த நிபுணர்கள் நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தபோது, ஒரு தேவாலயக் கோபுரத்துக் கடிகாரத்தில் மணியே தெரிந்தது. ஒன்று ஐம்பத்தைந்து! தகட்டில் அந்தக் கடிகார முகத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

தனித்தனியாக எடுத்ததன் பலன் அது. கைபேசி தானாக ஒட்டித் தரும் படத்தைப் பெரிதாக்கினால் பெயர்ப்பலகை எழுத்துகள் கரைந்துவிடும். ஒட்டிய இடம் பிசகியிருந்தால் பிரித்துத் திருத்தவும் வழியில்லை.

சிட்னியில் 1875-ல் பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் செய்தது இன்னும் பெரிய காரியம். தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த அவர், வட கரையில் இருந்த தன் வீட்டுக் கோபுரத்தின் மேல் சார்லஸ் பேலிஸ் என்ற புகைப்படக்காரரை நிறுத்தித் துறைமுகத்தை எடுக்க வைத்தார். 23 கண்ணாடி நெகட்டிவ்கள், கிட்டத்தட்ட பத்து மீட்டர் நீளப் படம். 1932-ல் வந்த துறைமுகப் பாலமும் 1973-ல் வந்த ஆப்பரா ஹவுசும் அதில் இல்லை. இன்று அங்கே போகிறவர்களுக்கு அந்த வெற்றிடமே பெரிய செய்தி.

நம் வாசகர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். மரினா பே சாண்ட்ஸ் பக்கத்துக் கரையில் மேற்கு நோக்கி நில்லுங்கள். இடப்பக்கம் நிதி மையக் கோபுரங்கள், நடுவில் ராஃபிள்ஸ் பிளேஸ், வலப்பக்கம் ஒருகாலத்தில் தலைமைத் தபால் நிலையமாக இருந்த 1928-ம் ஆண்டு ஃபுல்லர்டன் கட்டடம், மெர்லயன் சிலை, அதற்கும் அப்பால் முள்ளுமுள்ளான கூரையோடு எஸ்பிளனேட் கலையரங்கம். விமானங்களுக்காக உயரக் கட்டுப்பாடு இருந்ததால் ராஃபிள்ஸ் பிளேசின் மூன்று பெரிய கோபுரங்களும் 280 மீட்டரோடு நின்றுவிட்டன. நகரம் அளவெடுத்து வெட்டியதுபோல் நிற்பதை நீளப் படத்தில்தான் உணர முடியும்.

அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டிச் சூரியன் மறையும். வானம் நீலமாகி, விளக்குகளும் எரியும் அந்தப் பொழுது இருபது நிமிடம்கூட நீடிக்காது. அதனால் எல்லாவற்றையும் முன்பே தயாராக வைத்திருங்கள். கேமராவை நிமிர்த்திப் பிடியுங்கள். மேலும் கீழும் வெட்டுவதற்கு இடம் கிடைக்கும். மிகப் பிரகாசமான கட்டடம் வெளுத்துப்போகாதபடி எக்ஸ்போஷரை மேனுவலில் நிறுத்துங்கள். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் மாற்றாதீர்கள். இதை விட்டுவிட்டால் வானத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறும். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நாம் உடம்பைத் திருப்பும்போது கேமராவும் இடம் பெயர்கிறது. தூரத்துக் கோபுரங்களுக்கு அதனால் பாதகமில்லை. கைக்கெட்டும் தூரத்துக் கம்பித் தடுப்பு மட்டும் ஒட்டும்போது முறிந்து தெரியும். லென்ஸ் இருந்த இடத்திலேயே திரும்ப வேண்டும், நாம்தான் அதைச் சுற்றி நகர வேண்டும். கூட்டத்தில் அது முடியாவிட்டால் தடுப்பை ஒட்டி நின்று, கம்பியே விழாமல் எடுங்கள். பிறகு இன்னொரு சுற்றும் எடுத்து வையுங்கள். ஓடும் படகு பாதியாக வெட்டுப்பட்டால் மாற்றிப் போட ஒன்று கையில் இருக்கும்.

ஒட்டுவதற்கு ஹகின் என்ற இலவச மென்பொருளே போதும். படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளை அதுவே தேடிப் பொருத்தும். கரைக்கோடு வில்லாக வளைந்தால், கோபுரங்களின் செங்குத்து ஓரங்களை அதற்குக் காட்டிக் கொடுங்கள், நேராகிவிடும். நான் மிகவும் ரசிக்கும் வேலை இது. நேரில் பார்க்கத் தவறிய ஜன்னல்களையும் மனிதர்களையும் அப்போதுதான் பார்க்கிறோம்.

அப்படி ஒட்டிய படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். நின்ற இடம், தேதி, மணி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். ஒட்டாத மூலப் படங்களை அழிக்காமல் நீங்களே வைத்திருங்கள். தேர்வானவற்றை நடுப்பக்கத்தில் இரு பக்கத்துக்கும் குறுக்கே அச்சிடுவோம். முக்கியமான கட்டடம் எதுவும் மடிப்பில் சிக்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்