காலக்கெடு இல்லாத ஆதரவு ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மலையகக் கட்சிகள் எந்த அணியில் சேரும் என்ற ஊகமே செய்தியாகிறது. தேர்தல் நேரத்தில் கோரிக்கைப் பட்டியல் கையளிக்கப்படுகிறது, படமும் எடுக்கப்படுகிறது. அமைச்சுப் பதவி கிடைத்தபின் அந்தப் பட்டியல் என்னவானது என்று யாரும் எங்களுக்குக் கணக்குச் சொல்வதில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அரசில் சேருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு போட்டபோது எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காயத்தோடுதான் 1978 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். ஆனால் அமைச்சராக இருந்துகொண்டே 1984 இல் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. 1986 ஜனவரியில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கினார். 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை தர அரசு இணங்கியது. என்ன கேட்கிறோம், கொடுக்காவிட்டால் என்ன செய்வோம் என்பது கடைசி லயத்தில் இருந்தவருக்கும் தெரிந்திருந்தது.

பின்னால் வந்தவர்களிடம் அந்தத் துணிவைக் காணோம். 2015 இல் அரசில் பங்கேற்ற தமிழ் முற்போக்குக் கூட்டணி 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கையைக் கொண்டுவந்ததை மறுக்க மாட்டேன். ஆனாலும் பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை காத்திருந்தோம். 2024 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அமைச்சரவையில் இருந்தபோது 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, அடிப்படைச் சம்பளம் 1,350 இல் நின்றது. 1,750 ரூபாய் அறிவிக்கப்பட்டதோ 2026 வரவு செலவுத் திட்டத்தில், இந்த இரண்டு அணிகளும் அமைச்சரவையில் இல்லாத காலத்தில். அப்படியானால் இத்தனை வருடம் அமைச்சு எதற்கு என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மாத்தளைக்காரர்களுக்கு இது இன்னும் வலிக்கிறது. தலைமன்னார் வழியாக வந்த முன்னோர்களை நினைத்து 2023 இல் நடந்த மலையகம் 200 நடைபயணம் முடிந்தது எங்கள் மாத்தளையில்தான். ஆனால் இந்த மாவட்டத்துக்கான ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்களில் இன்று ஒருவரும் தமிழரில்லை. ஆட்சியோடு பேரம் பேசப்படுவது நுவரெலியாவின் வாக்குகளை வைத்து. இரத்தோட்டை, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டங்களின் பெயர் அந்த மேசையில் அடிபடுகிறதா?

எந்த அணியில் சேர்ந்தாலும் மலையகக் கட்சிகள் காணி உறுதி, வீடு, அரசுத் தோட்டங்களில் நிலுவையாகக் கிடக்கும் சேமலாப நிதி ஆகிய மூன்றுக்கும் திகதி குறித்து, அது தவறினால் வெளியேறுவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டு உங்கள் பத்திரிகையில் வெளியிடட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு மலை ஏறி வருகிறவர்களிடம் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்போம்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளியின் மகன்,
ரிவர்ஸ்டன், மாத்தளை.