நலவாழ்வு: ஒருக்களித்துப் படுக்கவொட்டாத வலி

இடுப்பு வலி என்றதும் நம்மில் பலர் முதுகின் அடிப்பகுதியையே தொட்டுக் காட்டுவர். இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டது அதுவன்று. இடுப்பின் வெளிப்புறத்தில், கை வைத்தால் தட்டுப்படும் எலும்பு மேட்டில் எழும் வலியே இது. அப்பக்கம் படுத்தால் உறக்கம் கலையும். படியேறினால் சுள்ளென்று குத்தும். நாற்பதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி.

அம்மேட்டில்தான் பிட்டத் தசைகளின் தசைநாண்கள் பற்றியுள்ளன. நாம் நடக்கையில் இடுப்பு ஒருபுறம் சாய்ந்துவிடாமல் தாங்குபவை அவையே. அங்குள்ள நீர்ப்பை வீங்குவதே வலிக்குக் காரணமென்று மருத்துவர்கள் நெடுங்காலம் கருதினர். தசைநாணின் நலிவே பெரும்பாலும் காரணமென்று இன்று தெளிந்துள்ளனர். கால் உடலின் நடுக்கோட்டைக் கடந்து குறுக்கே செல்லும்போதெல்லாம் நலிந்த தசைநாண் எலும்பின்மேல் அழுந்துகிறது.

ஆகவே நம் அன்றாட வழக்கங்களைச் சற்று உற்றுநோக்க வேண்டும். குழந்தையை இடுப்பில் இருத்தி ஒரு காலில் சாய்ந்து நிற்கிறோம். கால்மேல் கால் போட்டு அமர்கிறோம். கோவில் தரையில் இரு கால்களையும் ஒரே பக்கமாக மடித்து மறையுரை முடியும்வரை இருக்கிறோம். வலியுள்ளோர் இவற்றைத் தவிர்த்தல் நன்று. நாற்காலியில் அமர்வது பக்திக் குறைவு என்று நம் தாய்மார் தயங்குவதைக் காண்கிறோம், அத்தயக்கம் தேவையற்றது. உடல்நலக் குறைவால் முழந்தாளிட இயலாதோருக்குத் திருப்பலி ஒழுங்குமுறையே விலக்களிக்கிறது. எழுந்தேற்றத்திற்குப் பின் குரு தாள்பணியும் வேளையில் அவர்கள் தாழ்ந்து வணங்கினால் போதும்.

இரவில் மல்லாந்து படுக்கலாம். அல்லது நலமான பக்கம் படுத்து, முழங்கால் முதல் கணுக்கால் வரை இரு கால்களுக்குமிடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தேய்த்துக் காலைக் குறுக்கே இழுத்து நீட்டிவிடும் வழக்கம் மட்டும் வேண்டாம். அது நோயை வளர்ப்பதாகும்.

முழு ஓய்வும் மருந்தன்று. ஆஸ்திரேலியாவில் 204 பேரைக்கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எட்டு வாரங்களுக்குப்பின், அறிவுரையும் உடற்பயிற்சியும் பெற்றோரில் நூற்றுக்கு 77 பேர் நன்கு தேறினர். ஊசி மருந்து பெற்றோரில் 58 பேரும், வெறுமனே காத்திருந்தோரில் 29 பேருமே அவ்வாறு தேறினர். ஊசி தரும் சுகம் விரைவில் வரும், நிலைப்பது அரிது.

பயிற்சி எளியதே. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்கலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரலாம். சிறிதளவு வலி இருப்பினும் தொடரலாம். மறுநாள் காலையில் வலி மிகுந்திருந்தால் பயிற்சியைக் குறைக்க வேண்டும். தசைநாண் வலுப்பெற மாதங்கள் ஆகும். பத்து நாளில் கைவிடுவோரே மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவிற்கு வேளாங்கண்ணிக்கு நடந்து செல்ல நேர்ந்துகொண்டோர், ஆண்டு முழுவதும் நடவாதிருந்து ஒரே நாளில் நெடுந்தொலைவு நடக்கக் கூடாது. சில வாரங்களுக்கு முன்பே நாள்தோறும் நடந்து, தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும்.

தொடையிடுக்கில் வலி இருந்தால் அது மூட்டுத் தேய்வாக இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே பரவி மரத்துப்போனால் நரம்புக் கோளாறாகலாம். விழுந்தபின் காலூன்ற இயலாதோரும், வலியோடு காய்ச்சலும் கண்டோரும் அன்றே மருத்துவரிடம் செல்க.